யாழுக்கு வைத்த பொட்டு

என் அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. அந்த உத்தியோகத்துக்கும் அவருடைய பொழுதுபோக்குக்கும் துளியும் சம்பந்தமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்து போன அயர்லாந்துப் படைகளின் தொப்பி பேட்ஜ்களைச் சேர்த்தார். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் மற்ற அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிவர, இவர் ஜும்மா மசூதிக்குப் பின்னால் பழைய சாமான் விற்கும் கபாடிக் கடைகளில் குந்தி, பழைய பித்தான் குவியலைக் கிளறிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு மகா எரிச்சல்.

அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்தது ஒரு கறுப்பு பேட்ஜ். கிரீடத்துக்குக் கீழே யாழ், கரி அப்பியது போல இருக்கும். அவர் ஏங்கியதோ வேறொன்றுக்கு. புலியும் யானையும் பொறித்தது. அந்தப் படையை முதலில் நம் மதராஸில்தான் கம்பெனிக்காரன் திரட்டினான், அயர்லாந்துப் பெயர் பிறகு வந்தது என்பார். ஒன்பது வருஷம் தேடினார், விடவே இல்லை. கடைசியில் சாணக்யபுரிப் பக்கம் ஒரு ரிட்டையர்டு சர்தார்ஜி கர்னலிடம் அது இருப்பது தெரிந்தது. யாழைக் கொடுத்தால் யானையைத் தருகிறேன், ஆயுத பூஜையன்று வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார் கர்னல்.

எனக்கு எட்டு வயது. யானை எங்கள் வீட்டுக்கு வந்தே தீரவேண்டும் என்று நானும் முடிவு கட்டியிருந்தேன். பூஜைக்கு முதல் நாள் அம்மா புளி கரைத்து விளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பித்தளைன்னா பளபளன்னு இருக்கணும்டி. கறுத்துக் கெடந்தா வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள். அப்பா ஆபீஸ் போயிருந்தார். எனக்கு அது போதும்; அவருடைய பேட்ஜ் பெட்டியிலிருந்து யாழை எடுத்துவந்தேன்.

யாழ் புளிக்கு மசியவில்லை. உப்பு சேர்த்தேன். எலுமிச்சை மூடி, தேங்காய் நார், பழைய பல் பிரஷ் எல்லாம் வந்தன. விரல் நுனி தோலுரிந்து எரிந்தது. விடுவேனா? பொழுது சாய்வதற்குள் அதைத் தங்கம் போல ஆக்கிவிட்டுத்தான் எழுந்தேன். மறுநாள் தையல் மெஷினுக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்தபோது, யாரும் பார்க்காமல் யாழுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பெட்டியை மூடினேன்.

கர்னல் வந்தார். அப்பா பெட்டியைத் திறந்தார். கர்னல் குனிந்து பார்த்துவிட்டு, "அரே சாப், யே கியா கர் தியா?" என்றார். என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று கேட்கிறார். அப்பா பேட்ஜைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என் விரல்களைப் பார்த்தார்.

"மேனே ஹி சாஃப் கியா ஜி," என்றார். நானே தேய்த்தேன் என்கிறார், வாய் கூசாமல்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான்தான்..." என்று ஆரம்பித்தேன். "ஜல்தி போய்த் தண்ணி கொண்டா," என்று அப்பா என்னை விரட்டினார். நான் திரும்பி வந்தபோது கர்னல் இங்கிலீஷில் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கர்னல் தண்ணீரைத் தொடவில்லை. யானையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எதிரியின் கண்ணில் மினுங்கக் கூடாதென்று அந்த யாழ்ப் படைக்காரர்கள் பேட்ஜுக்குக் கறுப்புப் பூசுவார்கள், அந்தப் பூச்சுதான் அதன் மதிப்பே என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் உழைப்பை அப்பா தன் பேரில் போட்டுக்கொண்டார் என்பதுதான். ஒரு சின்னப் பெண் செய்த வேலை என்று தெரிந்திருந்தால் கர்னல் மெச்சி யானையைக் கொடுத்திருக்க மாட்டாரா?

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. என் விரல்களுக்கு அவர்தான் தேங்காய் எண்ணெய் தடவினார். அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வழக்கம்போலக் கபாடிக் கடைகளுக்குக் கிளம்பினார். "யானையைத் தேடப் போறேன், வரியாடி?" என்றார். அடுத்தவர் வேலைக்குப் பேர் வாங்கிக்கொள்ளும் ஆளோடு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார்.