கோச் வீட்டு மாடி ஜன்னல்

இன்று மாலை எங்கள் ஊர் ரிச்சர்ட்சனில், ஒரு இந்திய ஹோட்டலில் தோசை பார்சலுக்காகக் காத்திருந்தேன். ஹோட்டல் டிவியில் ஒரு வாரமாக ஓடும் அதே கூத்துதான். இங்குள்ள காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு அடுத்த ஹெட் கோச் யார்?

வேறொரு ஊரில் இருக்கும் கோச் ஒருவர்தான் வரப்போகிறாராம். அவர் வீட்டு வாசலிலேயே நிருபர் ஒருவர் மைக்கோடு நின்றுகொண்டு, "வீட்டில் யாரும் இல்லை, காரையும் காணோம்" என்றார்.

பக்கத்து டேபிள் அங்கிள் மேஜையைத் தட்டினார். "ஆள் ஃப்ளைட் ஏறிட்டாரு தம்பி. கன்ஃபர்ம்!"

அப்போதுதான் கவனித்தேன். நிருபரின் தலைக்கு மேலே, மாடி ஜன்னலில் திரை மெல்ல விலகியது. ஒரு சின்னப் பெண், கேமராவையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"அங்கிள், வீட்ல கொழந்த இருக்கு பாருங்க."

"அதெல்லாம் அவங்க அம்மா பாத்துப்பாங்க. நமக்கு கோச் வந்தா போதும்."

பார்சலோடு வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். எங்கள் மாடி ஜன்னலில் திரை விலகியது. என் மகள். அதே மாதிரி, அசையாமல்.

உள்ளே நுழைந்ததும் கேட்டாள். "ஆர் வீ மூவிங் அகெய்ன், அப்பா?"

பே ஏரியாவிலிருந்து இங்கே வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நியூ ஜெர்சியில் வேலை கிடைத்திருப்பதை நான் இன்னும் மனைவியிடமே சொல்லவில்லை.

தோசை பிரிக்காமல் ஆறிக்கொண்டிருக்கிறது.

அந்த கோச் ஒத்துக்கொண்டாரா என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எங்கள் வாசலில் எந்த நிருபரும் நிற்கவில்லையே, இவளுக்கு யார் சொன்னது என்பதையும்.