என்ஜின் ஆறிய அரைமணி நேரம்

நாகர்கோவிலுக்குக் கிழக்கே சொந்த மோட்டார் வண்டி வைத்திருந்தவர்களை அந்நாளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். தாழக்குடி கோலப்ப பிள்ளை அவர்களில் ஒருவர். 1928இல் வண்டி வாங்கினார். அதை ஓட்ட மயிலாடியிலிருந்து வந்தவர் முத்துநாயகம். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. அப்பா பனையேறி. மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டு, மலைமேலிருந்த ரப்பர் தோட்டத்தில் துரையின் மோட்டார்க் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓட்டக் கற்றுக்கொண்டவர்.

அந்தக் கொட்டகையில் அவர் கண்ணால் கண்ட ஒரு காட்சி அவரை விட்டுப் போகவேயில்லை. மலையேறிக் கொதித்துப்போய் நின்ற லாரியில் ஓர் ஓட்டுநர் ஓடைத் தண்ணீரை அப்படியே வாளியோடு கவிழ்த்தான். அடுப்பிலிருக்கும் சட்டி விரிசல் விடுவதுபோல ஒரு சத்தம். என்ஜினின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடி, ஊற்றிய தண்ணீரெல்லாம் தரையில் கொட்டியது. துரை அவனை அன்றைக்கே மலையிறங்கச் சொல்லிவிட்டார். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. அது முத்துநாயகத்துக்கு வேதவசனம்போல ஆகிவிட்டது.

பிள்ளையின் வண்டியை அவர் பார்த்துக்கொண்ட விதத்தை ஊரே வேடிக்கை பார்த்தது. விடியற்காலையில் பழையாற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து, வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி ரேடியேட்டரில் நிரப்புவார். கிணற்றுத் தண்ணீர் ஆகாது. உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து குழாய்களை அடைத்துவிடும் என்பார். மாதம் ஒருமுறை பழைய தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டு, தெளிவாக வரும்வரை அலசுவார். ரப்பர்க் குழாய்களை விரலால் அமுக்கி, எங்காவது வெடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தூரப் பயணமென்றால் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, ஏறுவதற்குக் கதவின்கீழ் இருந்த படிப்பலகையில் கட்டிக்கொள்வார். உள்ளே எரிவது நெருப்பு, அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் இரும்பைக் காப்பாற்றுகிறது என்று தன் மனைவி ஞானத்துக்குக்கூட அடுப்பையும் பானையையும் காட்டி விளக்கியிருக்கிறார்.

பிள்ளைக்கும் அவர் மனைவி பகவதியம்மாளுக்கும் ஒரே மகள், தாணம்மாள். மலைக்கணவாய்க்கு அப்பால் பணகுடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 1931 மாசி மாதம் அவளுக்குப் பிரசவ நேரம். இரண்டு நாளாக வலி கண்டும் குழந்தை பிறக்கவில்லை, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள் என்று காலையில் பணகுடியிலிருந்து ஆள் வந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. பிள்ளை முன்னால், பகவதியம்மாள் பின்னால்.

பணகுடியில் தாணம்மாளை நாலு பேர் தூக்கிவந்து பின்னிருக்கையில் அம்மா மடியில் தலைவைத்துக் கிடத்தினார்கள். மருத்துவச்சி காலடியில் உட்கார்ந்தாள். புறப்படுமுன் முத்துநாயகம் ஒரு தகரத் தண்ணீரை ரேடியேட்டரில் விட்டார். இன்னொன்று மிச்சமிருந்தது.

இரண்டு மைல் போவதற்குள் தாணம்மாள் தண்ணீர் கேட்டாள். அவசரத்தில் வீட்டிலிருந்து யாரும் குடிக்கத் தண்ணீர் எடுத்து வந்திருக்கவில்லை. பகவதியம்மாள் படிப்பலகையிலிருந்த தகரத்தைக் காட்டிக் கேட்டாள். முத்துநாயகம் தொட்ட தண்ணீரை அந்த வீட்டில் யாரும் குடிக்கும் வழக்கமில்லை. மருத்துவச்சி தயங்கினாள். பகவதியம்மாள் தயங்கவில்லை. முத்துநாயகமும் அது வண்டிக்கு வைத்த தண்ணீர் என்று சொல்லவில்லை. இறங்கி அவிழ்த்துக் கொடுத்தார். குடித்தது போக, அவள் முகத்தைத் துடைத்தார்கள், காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டார்கள், கால்களில் வழிந்த உதிரத்தைக் கழுவினார்கள். தகரம் காலியானது.

அன்றைக்குக் காற்று கிழக்கேயிருந்து வீசியது. மேற்கே போகும் வண்டிக்கு முதுகுக் காற்று. எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும், முதுகுக் காற்று அதைச் செய்யாது. ஏற்றம் வேறு. முப்பந்தல் தாண்டியதும் மூடிக்கு அடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. முத்துநாயகம் வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்தி என்ஜினை அணைத்தார்.

அரைமைல் தள்ளி ஒரு சத்திரத்துக் கிணறு இருந்தது. அங்கே முத்துநாயகம் போனால் கயிற்றைத் தொட விடமாட்டார்கள். அதனால் பிள்ளை தாமே தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆயுளில் ஒரு குடம் தண்ணீர் சுமந்தறியாத மனிதர். கால்மணி நேரம் கழித்து வேட்டியெல்லாம் நனைந்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"ஊத்துலே" என்றார்.

முத்துநாயகம் என்ஜின்மேல் கைவைத்துப் பார்த்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். "இப்பம் ஊத்தப்பிடாது மொதலாளி. இரும்பு வெடிச்சிரும். பெறகு வண்டி இந்த எடத்தவிட்டு அனங்காது."

"எம் மக கெடக்க கெடையப் பாத்தியா?"

"பாத்தேன் மொதலாளி. அதுக்காகத்தான் சொல்லுகேன். அரைமணி நேரம் தாங்க."

பிள்ளை கை ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை. அந்தப் பாதையில் பேருந்து வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். இந்த வண்டியை விட்டால் வேறு கதியில்லை என்பது அவருக்கும் தெரியும். தகரத்தை வைத்துவிட்டுப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். முத்துநாயகம் பானெட்டைத் திறந்துவைத்து, துண்டால் என்ஜினுக்கு விசிறிக்கொண்டே நின்றார். பின்னிருக்கையிலிருந்து வந்த முனகல் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியமும் வரவில்லை.

அரைமணி நேரம் கழித்துத் துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இன்னும் கிடந்தது. மெல்ல மெல்ல ஊற்றி நிரப்பினார். கைப்பிடியின் ஒரே சுற்றில் வண்டி கிளம்பியது. வழியில் எங்கும் நிற்கவில்லை.

தோவாளை தாண்டும்போது தாணம்மாளின் மூச்சு நின்றது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரப் பெண் டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். குழந்தையும் போய்விட்டது. "இன்னும் ஒரு அரைமணிக்கூர் முந்திக் கொண்டுவந்திருந்தா ஏதும் செஞ்சு பாத்திருக்கலாம்" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அரைமணிக்கூர் என்ற சொல் பிள்ளை, பகவதியம்மாள், முத்துநாயகம் மூன்று பேர் காதிலும் விழுந்தது.

மறுநாளே முத்துநாயகம் வேலையை விடுவதாகச் சொன்னார். பிள்ளை அவர் முகத்தைப் பார்க்காமல், "நீ செஞ்சதுல தப்பு இல்ல. வண்டி வெடிச்சிருந்தா அவ நடுவழியிலேயே போயிருப்பா" என்றார். அது பிள்ளை தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்ததாக முத்துநாயகம் பிறகு ஞானத்திடம் சொன்னார். வேலையில் தொடர்ந்தார். பிள்ளை அதன்பிறகு வண்டியில் கிழக்குப் பாதைக்குப் போகவேயில்லை. பகவதியம்மாள் வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள்.

இப்படி நாலு ஆண்டுகள் போயின. தான் செய்தது சரிதான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு முத்துநாயகம் இருந்தார்.

1935இல் ஒருநாள் சக்கரம் ஒன்றைப் பழுதுபார்க்க நாகர்கோவிலில் ஒரு பட்டறைக்குப் போனார். இனயம் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த ததேயுஸ் அங்கே மெக்கானிக். கொழும்பில் பத்து வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். முத்துநாயகம் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பேருந்து கொதித்துக்கொண்டு உள்ளே வந்தது. ததேயுஸ் என்ஜினை அணைக்க விடவில்லை. மெதுவாக ஓடவிட்டு, ஆவி அடங்கியதும் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து, ஒரு கெண்டியால் தண்ணீரை நூல்போல ஊற்றினார். பத்து நிமிஷத்தில் பேருந்து திரும்பிப் போனது.

முத்துநாயகம் கிட்டே போனார். "வெடிக்காதா?" என்று கேட்டார்.

ததேயுஸ் சிரித்தார். "உள்ள கொஞ்சம் தண்ணி கெடந்தாப் போதும். என்ஜின் ஓடிக்கிட்டிருந்தா உள்ள கெடக்க சூட்டுத் தண்ணியோட கலந்துதான் போவும். ஒரேயடியாக் கவுத்தாத்தான் வெடிக்கும்."

அன்றைக்கு மயிலாடிக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. ரேடியேட்டருக்குள் அன்று கொஞ்சம் தண்ணீர் கிடந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். ஞானம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதை வெளியே சொல்ல வேண்டாமென்றாள். இறந்தவள் வரப்போவதில்லை. பிள்ளையும் பகவதியம்மாளும் ஏதோ ஒருவிதமாகத் தேறியிருக்கிறார்கள், அதைக் கிளறுவது பாவம் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சொல்லாமலிருக்க அவரால் முடியவில்லை. இரண்டு வாரம் முயன்று பார்த்தார்.

பிள்ளை வயலுக்குப் போயிருந்த ஒரு பகலில் பின்கட்டு முற்றத்தில் போய் நின்றார். பகவதியம்மாள் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வண்டியை அணைக்காமல் ஓடவிட்டிருந்தால், கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றியிருந்தால், அரைமணி நேரம் நின்றிருக்க வேண்டாம் என்றார். தனக்கு அப்போது அது தெரியாது என்பதையும் சொன்னார்.

பகவதியம்மாள் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள்.

"அந்தத் தண்ணிய நாந்தானெ கேட்டேன்" என்றாள். "நாலு வருசமா நான் அந்தத் தகரத்தத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். வண்டிக்கு வச்ச தண்ணியப் பறிச்சு எம் மக காலக் கழுவுனேன். நாந்தான் அவளக் கொன்னேன்னு."

முத்துநாயகத்துக்கு அது தெரியவே தெரியாது. தான் ஒருவன்தான் சுமப்பதாக நினைத்திருந்தார்.

"நீங்க கேக்காமலும் நான் குடுத்திருப்பேன் அம்மா" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "நீ சொன்னது இருக்கட்டும். இனி உன்னயக் கண்ணால காங்க எனக்குத் தெம்பு இல்ல. நீ வேற எடம் பாத்துக்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று அவர் ஞானத்திடம் சொன்னார்.

அந்த வாரமே வேலையிலிருந்து நின்றுகொண்டார். பிள்ளை காரணம் கேட்கவில்லை. மனைவி சொல்லியிருக்க வேண்டும். வண்டியை மார்த்தாண்டத்தில் யாருக்கோ விற்றுவிட்டார்.

முத்துநாயகம் நாகர்கோவில்–திருநெல்வேலிப் பேருந்து ஓட்டப் போனார். வேறு வேலை தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அதே கணவாய் வழியாகப் போய்வந்தார்.

1938 ஆவணியில் பகவதியம்மாள் தோவாளையில் அவர் பேருந்தில் ஏறினாள். ஏறிய பிறகுதான் ஓட்டுநரைப் பார்த்தாள். இறங்கவில்லை. பெண்கள் இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். ஆரல்வாய்மொழியில் தங்கை வீட்டுக்குப் போகிறாள்போலிருந்தது. மிகவும் மெலிந்திருந்தாள். இறங்கியதும் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கமாக வந்து நின்றாள்.

"திரும்பி எப்பம் வருவ?"

"நாலு மணிக்கு அம்மா."

தலையசைத்துவிட்டுத் தெருவுக்குள் போனாள்.

நாலு மணிக்கு அவர் அங்கே வண்டியை நிறுத்தினார். அவள் இல்லை. ஐந்து நிமிஷம் நின்றார். பத்து நிமிஷம் ஆனது. கண்டக்டர் முணுமுணுத்தார், பயணிகள் சத்தம் போட்டார்கள். பழக்கடைக்காரரிடம் விசாரித்தபோது, தாழக்குடி அம்மா மத்தியானமே வில்வண்டி பிடித்துப் போய்விட்டாள் என்றார். அவளுக்குச் சொல்ல ஏதோ இருந்ததா, இல்லை வெறுமனே கேட்டாளா என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. அடுத்த தையில் அவள் இறந்துபோனாள்.

துக்கம் கேட்கப் போனார். தாழக்குடி வீட்டு வாசலில் சாதிசனம் கூடியிருந்தது. அவர் தெருவோரத்தில், முன்பு தான் வண்டி கழுவிய கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். கோலப்ப பிள்ளை கூட்டத்துக்குள்ளிருந்து அவரைக் கண்டு எழுந்து வந்தார். பாடையைத் தூக்கும்வரை பிள்ளை அவர் பக்கத்திலேயே நின்றார்.