அண்ணி எழுதிய பரீட்சை

கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் எண்ணெய் டப்பாவின் மேல் புள்ளியியல் நோட்டு சாய்ந்து நிற்கும். ஒரு கையால் மாவைத் தள்ளிவிட்டபடி, மறு கையின் முழங்கையால் பக்கத்தைப் புரட்டுவார் அண்ணி. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். நோட்டின் பல பக்கங்களில் உளுந்து மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். இது என்ன கறை என்று கல்லூரியில் ஒரு பேராசிரியை கேட்டாராம். "எங்க வீட்டு இட்லி, மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாராம் அண்ணி.

அவர் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கல்லூரியில் இரண்டாம் ஆண்டுதான் முடித்திருந்தார். அவர் அப்பாவுக்குப் பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பெண்ணைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம். "தாராளமா படிக்கட்டும், நாங்க எதுவும் சொல்ல மாட்டோம்" என்று எங்கள் அம்மா சபையில் வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். படிப்பை நிறுத்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டு வேலையில் ஒன்றைக்கூடக் குறைக்கவும் இல்லை. நாலரை மணிக்கு மோட்டார் போடுவதில் தொடங்கி, அண்ணனுக்கும் எனக்கும் தனக்குமாக மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத காபி தனியாகப் போட்டு, துணியை மெஷினில் திணித்துவிட்டு, ஏழே முக்கால் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவார். அந்த வீட்டுப் பெண்ணான நானும் அப்போது கடைசி வருடம்தான் படித்துக்கொண்டிருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் வேறொரு கல்லூரி. ஏழு மணிக்கு எழுந்து வருவேன். எனக்குப் பரீட்சை என்றால் டிவியின் சத்தத்தைக் குறைப்பார்கள். அண்ணிக்குப் பரீட்சை என்றால் அது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணனுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் அண்ணி நேராக வீட்டுக்கு வராமல் அந்தப் பக்கம் ரயில் ஏறிப் போவதும், நாலு மணிக்கு வியர்த்து வந்து நிற்பதும் எங்களுக்குப் புதிராக இருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது அவரே சொன்னார். "பரீட்சை முடிஞ்சதும் நாங்க அங்க வீடு எடுத்துப் போறோம் அத்தை. நாலு வீடு பார்த்துட்டேன். ஒண்ணு பரவால்ல." அம்மா அண்ணனைப் பார்த்தார். "இதை அவன் சொல்லட்டும்." தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான்தாம்மா பார்க்கச் சொன்னேன்" என்றான் அண்ணன். அது பொய் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். என் அண்ணன் வாழ்நாளில் பேசிய வீரமான வார்த்தை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குத் திருநீர்மலை வேண்டுதல் ஞாபகம் வந்தது. கல்யாணமான ஒரு வருடத்துக்குள் இருவரும் ஜோடியாக மலையேறிப் பெருமாளைச் சேவிக்க வேண்டுமாம். நாள் பார்த்தாயிற்று, உறவினர்களுக்குச் சொல்லியாயிற்று, வேனும் பேசியாயிற்று. அண்ணியின் கடைசிப் பரீட்சை அதே நாளில், அதே காலையில். "ஒரு பேப்பர்தானே, அரியர் வெச்சு எழுதிக்கலாம்" என்றார் அம்மா. "அடுத்த ஞாயித்துக்கிழமை போலாம் அத்தை. பெருமாள் அங்கதானே இருப்பார்" என்றார் அண்ணி. "வாய் ரொம்ப நீளுது" என்றார் அம்மா. அத்தோடு இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

முந்தின நாள் மாலை, அண்ணி மாடியில் துணி எடுக்கப் போயிருந்தபோது, அம்மா என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "அந்த ஹால் டிக்கெட்ட எடுத்து உன் பையில வெச்சுக்கோ. வேற எதுவும் நீ பண்ண வேணாம்." நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மா சொன்னதால் எடுத்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை அல்ல. அண்ணி போய்விட்டால் அந்த நாலரை மணி யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் அண்ணி நோட்டுகளை ஒவ்வொன்றாக உதறித் தேடினார். அலமாரி, பை, தலையணை உறைக்குள் என்று எங்கும் இல்லை. பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். என் முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது அந்தப் பார்வை. கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டார்.

"ஹால் டிக்கெட் இல்லாம எப்படிம்மா உள்ள விடுவாங்க?" என்றார் அப்பா.

"விடலன்னா அங்கேயே உட்காந்துட்டு வர்றேன் மாமா. இங்க உட்கார மாட்டேன்."

அண்ணன் பைக்கை எடுத்தான். நாங்கள் வேனில் ஏறினோம். மலைப்படிகளில் ஏற ஏற என் தோளில் தொங்கிய பை கனத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு தாள். அண்ணியை இறக்கிவிட்டு அண்ணன் தனியாக வந்து சேர்ந்தபோது, "சம்சாரம் வரலையா?" என்று கேட்டார் அர்ச்சகர். "பரீட்சை எழுதறா" என்றான். சித்தியும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ்வாகப் போயிற்று. அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு அண்ணி வந்தார். முதல்வர் அறை வாசலில் காத்திருந்து, கடிதம் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி உள்ளே போவதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் கணக்கை முடிக்க முடியவில்லையாம். அண்ணன் வெளியே போனதும் நான் ஹால் டிக்கெட்டை அவர் முன்னால் வைத்தேன். அழ வேண்டும் என்று நினைத்திருந்தேன், அழுகை வரவில்லை.

அண்ணி அதைத் தொடவில்லை. "உங்க அம்மா சொன்னதும் செஞ்சே. நான் ஒண்ணு சொன்னா செய்வியா?"

"சொல்லுங்க அண்ணி."

"நாளைலேர்ந்து உன் தட்ட நீ கழுவு."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் என் தட்டை நான் கழுவினேன். அம்மா கைநீட்டி அதை வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை.

அந்தப் பேப்பரில் அண்ணி தேறினார். ரிசல்ட் வந்த வாரமே டெம்போ வந்தது. அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணி உள்ளே போய், "வரேன் அத்தை" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லாமல் வெளியே வந்து, பீரோவின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். மறுமுனையை நான் பிடித்தேன்.

வீட்டைப் பிரித்தவள் என்று உறவில் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் ஒரு நாள்கூட எங்கள் வீட்டில் நாலரை மணிக்கு எழுந்ததில்லை. அவர் போன பிறகு நான் எழுந்தேன், அதனால் சொல்கிறேன்: பிரிந்து போனது வீடு அல்ல, எங்கள் சௌகரியம். அம்மாவும் இப்போது மாதம் ஒரு முறை சிங்கப்பெருமாள் கோவில் போகிறார். பேரனைப் பார்க்க என்பார். போனால் இரண்டு நாள் தங்கித்தான் வருகிறார்.

போன வருடம் நான் பொழிச்சலூரில் தனியாக வீடு எடுக்க முடிவு செய்தேன். கல்யாணம் ஆகவில்லை, வேலை இருக்கிறது, எனக்கென்று ஒரு கதவு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேரே மறுத்தார்கள். மூன்றாவது வீட்டைப் பார்க்க அண்ணி, பள்ளி வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு உடன் வந்தார். வீட்டுக்காரப் பெரியவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆம்பள தொணை யாரும் இல்லியா? வூட்ல பெரியவங்க யாருமா?"

"நான்தான் பெரியவ" என்றார் அண்ணி. "இவளோட அண்ணி."

அண்ணி என்னைவிட நான்கு மாதம் இளையவர். பெரியவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். அண்ணி கையை நீட்டவில்லை.

"குடியிருக்கப் போறது அவ. அவ கையில குடுங்க."