மொட்டைமாடியில் ஒரு பரீட்சை

எங்கள் பள்ளியில் விளையாட்டு சொல்லித்தரும் விசில் டீச்சருக்குக் கோபம் மூக்கு மேல் என்பார்கள். இருக்கட்டுமே. அவரோடு பதினொரு வருஷமாக இங்கே பாடம் நடத்துகிற எனக்குத் தெரியும், அந்தக் கோபம் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் ஓடக்கூடக் கற்றிருக்க மாட்டார்கள். விளையாட்டு மைதானம் என்று அவருக்குக் கொடுத்திருப்பது நாலாவது மாடிக்கு மேலே மொட்டைமாடி. இடுப்பளவு கைப்பிடிச் சுவர், கீழே பஸ் ஓடுகிற ரோடு. வேறொருவர் பிள்ளைகளை உட்காரவைத்தே காலத்தை ஓட்டியிருப்பார். இவர் முட்டி வலிக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து தானும் நொண்டியடித்தார். பந்தை மட்டும் இரண்டு கையாலும் மெதுவாகத்தான் போட வேண்டும். கீழே போன பந்து ஒரு ஸ்கூட்டர்காரர் முதுகில் விழுந்து, அவர் நாலு மாடியும் ஏறி வந்து திட்டிய நாளிலிருந்து அதுதான் சட்டம்.

இந்த வருஷம் ஓர் ஆய்வாளர் வந்தார். ஐந்து நாடுகளில் ஆறேழு வயசுப் பிள்ளைகள் எப்படி ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், எறிகிறார்கள் என்று ஒப்பிடுகிறாராம். எங்கள் பிள்ளைகளை அந்த மொட்டைமாடியிலேயே வைத்துச் சோதித்தார். நொண்டியடிப்பதில் எங்கள் பிள்ளைகள் முதல். எறிவதில் கடைசி. ‘வளர்ச்சி போதாது’ என்று எழுதிவிட்டார். அதைப் படித்த தலைமையாசிரியர், விளையாட்டு வகுப்பை வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்றார். டீச்சரின் வேலைக்கே வேட்டு. ஆய்வாளரின் அறிக்கையை ஒப்புக்கொண்டு அவரையே கையெழுத்தும் போடச் சொன்னார்கள்.

அவர் பேனாவைத் தொடவில்லை.

“மத்த நாட்டுப் பிள்ளைங்க எங்க நின்னு எறிஞ்சாங்க, சார்?”

புல்தரை மைதானத்தில் என்றார் ஆய்வாளர். பந்து ஒன்றுதான், மார்க் போடும் முறையும் ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

டீச்சர் அவரை மாடிக்கு அழைத்துப் போனார். தலைமையாசிரியரும் நாங்களும் பிள்ளைகளும் பின்னாலேயே ஏறினோம். டீச்சர் பந்தை ஆய்வாளர் கையில் கொடுத்து, பலம் கொண்ட மட்டும் எறியச் சொன்னார்.

ஆய்வாளர் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். கீழே ஜனம் போய்க்கொண்டிருந்தது. பிறகு இரண்டு கையாலும் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. ஆய்வாளர் பிள்ளைகளுக்கு மார்க் போடும் படிவத்தில் ஒன்றை எடுத்து நிதானமாக நிரப்பினார். கால் முன்னே வரவில்லை. தோள் திரும்பவில்லை. கை பின்னால் போகவில்லை. மூன்றுக்கும் சைபர்.

“வயசு சொல்லுங்க, சார்.”

நாற்பத்திரண்டு என்றார்.

அதையும் எழுதினார். அடியில் ‘வளர்ச்சி போதாது’ என்று போட்டார்.

“இதுல நான் கையெழுத்துப் போடுறேன், சார். பிள்ளைங்க அறிக்கையோட இதையும் சேர்த்து அனுப்புங்க.”