வெள்ளிக்கிழமையில் ஒரு மீன்

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை. கிளினிக்கைத் திறந்து, காப்பியும் கையுமாக உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிறேன். மாரிமுத்து அண்ணனின் வீடியோ.

அண்ணன் என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்; பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வலது தோள் இறுகிப்போய், கை காதுவரைகூட ஏறாது. அடுத்த மாதம் கம்பெனியின் மெடிக்கல் பரிசோதனை. கை ஏறாவிட்டால் கிரேன் ஏணி ஏற முடியாது... பதினெட்டு வருடம் மேலே உட்கார்ந்தவரைக் கீழே கேட் காவலுக்கு அனுப்பிவிடுவார்கள். மனிதர் அந்தக் கவலையிலேயே இளைத்துவிட்டார்.

என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்ட் கொடுக்கும் பயிற்சித் தாள் வீட்டில் எங்கே போகும்? ஃபிரிட்ஜ் கதவுக்கு. காந்தம் வைத்து அழகாக ஒட்டுவார்கள் — செய்யத்தான் மாட்டார்கள். அதனால்தான் தினமும் பயிற்சி செய்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். அண்ணன் ஒரு நாளும் தவறவில்லை. தினமும் ஒரு வீடியோ, தினமும் ஒரு சட்டை. தோள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. எனக்கு என் வைத்தியத்தின் மீதே சந்தேகம் வந்துவிட்டது.

அன்றைய வீடியோவில் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. பின்னால் அடுப்படியில் அவர் மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை... மீனா?

பழைய வீடியோக்களைத் திரும்ப ஓட்டினேன். வியாழனும் மீன். புதனும் மீன். அதே வாணலி.

மதியம் சிகிச்சைக்கு வந்தவரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அண்ணே, வெள்ளிக்கிழமை வீட்ல மீன் பொரிப்பீங்களா?"

மனிதர் பதறிவிட்டார். "ஐயோ, இல்ல மேடம். வெள்ளிக்கிழமை எங்க வீட்ல சுத்த சைவம் லா. அது போன வாரம் ஆஃப் டேல ஒரே மூச்சா எடுத்தது. பத்து சட்டை மாத்துனேன்."

வீட்டு மானத்தைக் காப்பாற்றப் போய்த் தன் குட்டைத் தானே உடைத்துவிட்டார்.

விடுவேனா? ஏமாற்றுவது என்னையா, உங்கள் தோளையா என்று பிடிபிடியென்று பிடித்தேன். அந்த நேரம் பார்த்து மேசை மேலிருந்த லேப்டாப்பின் குரல் இடையில் புகுந்தது. ஆன்லைன் வகுப்பு. என் தொழில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் புள்ளிகள் சேர வேண்டுமே! காலையிலிருந்து அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அவ்வப்போது வந்து 'நெக்ஸ்ட்' அழுத்துவதோடு சரி. தலைப்பு? நோயாளிகளை வீட்டுப் பயிற்சி செய்ய வைப்பது எப்படி.

அண்ணன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது யாரு பார்க்கிற கிளாஸ், மேடம்?"

வெட்கமாகப் போய்விட்டது. திட்டுவதை நிறுத்திவிட்டு, ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அவர் ஒழுங்காகச் செய்ய வேண்டும், நான் வகுப்பை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

இன்றும் வெள்ளிக்கிழமை. மெடிக்கலுக்கு இன்னும் நான்கே நாள். காலையில் வீடியோ வந்தது. கை காதைத் தாண்டி மேலே போகிறது — பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் அடுப்பில் சாம்பார். கீழே ஒரு வரி: "கிளாஸ் பார்த்தாச்சா, மேடம்?"

பார்க்கிறேன் அண்ணே... இந்தப் பத்தியை எழுதி முடித்ததும்.