ஹவில்தார் கோதண்டம் வைத்திருந்த தண்ணீர் பாட்டில்

சக்கரம் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிற சக்கரம் சுற்றினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சட்டைப் பையில் மூன்றாவது தடவை அதிர்ந்த பிறகுதான் சுவிட்சை நிறுத்தினேன். கிளியனூரிலிருந்து கோதண்டம் அண்ணன் மகள் மங்கை. "சித்தப்பா, அப்பா காலைல போய்ட்டாரு. டீ குடிச்சாரு, டம்ளர கீழ வச்சாரு, அவ்ளோதான்" என்றாள். டம்ளர் கவிழ்ந்ததா என்று கேட்டேன். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது. "இல்ல சித்தப்பா, நேராதான் வச்சாரு" என்றாள். கையில் இருந்த கறுப்பைக்கூடக் கழுவாமல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் விழுப்புரத்துப் பல் டாக்டர். அவரைப் பற்றியும் இதில் கொஞ்சம் வரும். எதையும் விடாமல் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கோதண்டம் அண்ணனை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிலிட்டரி என்றால் அவர்தான். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பி வந்து, கிளியனூரில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போட்டார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் தன் மெடல்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு திண்டிவனத்தில் என் கடைக்கு வருவார். முதல் வருஷம், தங்கம் மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றேன். "ரொம்ப பளபளன்னு பண்ணிடாத பாலிஷு. மாட்டிக்கினு போற ஆளு அப்டி இல்ல" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குப் பாலிஷுதான். ஏழுமலை என்கிற என் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. அது பின்னால் வரும்.

அவர் வீட்டில் டிவிக்கு மேலே ஒரு பலகை. அதில் ஒரு அலுமினியத் தண்ணீர் பாட்டில் இருக்கும். சிப்பாய்கள் இடுப்பில் மாட்டுகிற மாதிரியானது. மேலே போட்டிருந்த காக்கித் துணி உறை பாதி மக்கிவிட்டது. வங்காளதேசம் பிறந்த சண்டையிலிருந்து அவர் கொண்டுவந்தது. எதிரிப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவனுடையது. ஆயுத பூஜை அன்று மண்வெட்டி, அரிவாள், மோட்டார், மெடல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். பாட்டிலுக்கு மட்டும் வைக்க மாட்டார். தண்ணீர் நிரப்பி மூடி வைப்பதோடு சரி. எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு அதை மட்டும் விட்டால் என்ன அர்த்தம் என்று அண்ணி முணுமுணுப்பார். "அவன் சாமி வேற. நம்மகிட்ட இருக்கறது தண்ணிதான்" என்பார் மிலிட்டரி.

அந்தப் பாட்டில் மேல் டாக்டருக்கு ஒரு கண். பழைய போர்ச் சாமான்களைச் சேர்ப்பவர் அவர். பல்வலியோடு காத்திருப்பவர்களுக்கு எதிரே ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறார். உள்ளே இரும்புத் தொப்பி, பைனாகுலர், துப்பாக்கி முனைக் கத்தி. ஒவ்வொன்றின் கீழும் கொடுத்தவர் பேர் எழுதிய அட்டை. பல் பிடுங்க வந்த ஒருவன் கத்தியைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடியதாகப் பேச்சு உண்டு. டாக்டர் இதை மறுக்கிறார்.

மிலிட்டரிக்குக் கடைவாய்ப் பல் ஆடியபோது நான்தான் கூட்டிப் போனேன். வாயைத் திறக்கச் சொல்லி, பல் பிடுங்கும் குறட்டை உள்ளே விட்ட பிறகு டாக்டர் பேச்சை எடுத்தார். அந்தப் பாட்டிலை நம்ம அலமாரிக்குக் கொடுத்தால் ஊரே பார்க்கும், வேண்டாம் என்றால் தலையை ஆட்டுங்கள் என்றார். குறடு வாய்க்குள் இருக்கும்போது யார் தலையை ஆட்டுவார்கள்? பல் வந்தது. மிலிட்டரி ரத்தத்தைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "என்னுதா இருந்தா குடுத்துடுவேன் டாக்டரே. நான் வச்சிக்கினு இருக்கேன், அவ்ளோதான்." சரி, ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்கிறேன் என்று டாக்டர் கேட்டார். அதற்கும் முடியாது என்றுவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் பஞ்சைக் கடித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். சுற்றிலும் ஆறும் குட்டையுமான இடம். ஆனால் எல்லாவற்றிலும் பிணம் மிதந்ததால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை. நாக்கு வறண்டு போயிருந்தபோது ஒரு வரப்போரம் அவன் கிடந்தான். யார் சுட்டது என்று தெரியாது, தான் சுட்டதாகவும் இருக்கலாம் என்றார். இடுப்பில் பாட்டில், பாதி நிறைய. "அவன் வாய்ல ஊத்திப் பாத்தேன். எறங்கல. மிச்சத்த நான் குடிச்சிட்டேன். அவன் குடிக்கறதுக்குன்னு ரொப்பி வச்ச தண்ணி பாலிஷு அது." பாட்டிலில் எழுத்து இருந்ததை அன்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இத்தனை பேச வேண்டியிருந்திருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசம், துண்டில் சுற்றிப் பாட்டிலை என்னிடம் கொண்டுவந்தார். மூடியைப் பிடித்திருக்கும் சிறு சங்கிலி அறுந்திருந்தது. "மாட்டிக் குடு. ஒரு எடத்துக்கு அனுப்பணும். மூடி தனியா, பாட்டிலு தனியா அனுப்பனா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டு விதை வாங்கப் போனார். சங்கிலி கால் மணி நேர வேலை. முடித்த பிறகும் அவர் வரவில்லை. என் கை சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷமாக என்னிடம் கொண்டுவராத சாமானைக் கொண்டுவந்திருக்கிறார், நல்லபடி ஆக்கித் தரலாம் என்று தோன்றியது. உறையைக் கழற்றிப் பாட்டிலைச் சக்கரத்தில் பிடித்தேன்.

எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பாத்திரத்தில் பேர் வெட்டித் தருவது வழக்கம். அந்தப் பாத்திரம் கைமாறினால், பழைய பேரை அழித்துக் கொடுப்பது என் வேலை. எத்தனை அண்டாவில், எத்தனை குடத்தில், எத்தனை பெண்களின் பேரைத் தேய்த்திருப்பேன் என்று கணக்கில்லை. யார் பேர் என்று தெரியாது. எழுத்து என்று மட்டும் தெரியும். பாட்டிலில் இருந்தது எனக்கு எழுத்தாகவே தெரியவில்லை. நம் எழுத்துப் போலவும் இல்லை, இங்கிலீஷ் போலவும் இல்லை. யாரோ ஆணியால் கிறுக்கிய கீறல் என்று நினைத்தேன்.

மிலிட்டரி வந்து பாட்டிலை வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவன் பேரு எங்க, ஏழுமலை?"

"பேராண்ணா? கீறல்னு நெனச்சிட்டேண்ணா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பேரை யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லையாம். "படிச்சா பேரு தெரிஞ்சிடும். பேரு தெரிஞ்சா அவனுக்கு அம்மா, அப்பா, பொண்டாட்டி எல்லாம் வந்துடுவாங்க. அந்த பயம்." இப்போது முழங்கால் போய்விட்டது, தான் போவதற்குள் அவன் வீட்டாரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். சங்கிலியை மாட்டியதும் அந்த எழுத்து தெரிந்த கோட்டக்குப்பத்துக் குத்தூஸ் பாயிடம் காட்டிப் படிக்கச் சொல்வதாக இருந்திருக்கிறார். "இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சி" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

விஷயம் தெரிந்து டாக்டர் கடைக்கே வந்து என்னைத் திட்டினார். பழைய பொருளில் கை வைக்கலாமா, அதிலிருந்த அழுக்குக்கூட சரித்திரம் என்றார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மிலிட்டரி மெடல் கொண்டுவரவில்லை. தினமும் பஸ் நிற்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூஜை அன்று சக்கரத்தை ஓட்டக் கூடாது. சக்கரத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு, மிச்சச் சந்தனம் விரலில் இருக்க, சிமெண்டுத் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு பாத்திரத்தை ஒரு தடவை கையில் பிடித்தால் எனக்கு மறக்காது. எந்த வீட்டுக் குடத்தில் எங்கே நசுங்கல் என்று இன்றும் சொல்வேன். எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு வேறு வழி என்ன? அந்தக் கீறலும் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. விரலால் தரையில் இழுத்துப் பார்த்தேன். முழங்கை மடக்கின மாதிரி ஒன்று. அதை ஒட்டிச் சின்ன முடிச்சு, கொக்கி, மறுபடி முடிச்சு. கொஞ்சம் தள்ளிக் குட்டி அரிவாள். அதன் பக்கத்தில் தலையுள்ள கொக்கி. கடைசியில் ஒரு சின்ன மேடு, மேடு மேல் ஒரு புள்ளி.

பூஜைக்கு வருபவர்களுக்குப் பொரி கொடுப்போம். குத்தூஸ் பாய் என்னிடம் பழைய அலுமினியம் எடுப்பவர். வளைகுடாவில் பல வருஷம் இருந்தவர். அங்கே அந்தச் சிப்பாயின் நாட்டுக்காரர்களோடு ஒரே ரூமில் தங்கி, அவர்கள் எழுத்தையும் கற்றுக்கொண்டவர். பொரி வாங்க உள்ளே வந்தவர், தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தினார்.

"யாரு எழுதனது இது?"

"எழுதல பாய், கண்ணுல நின்ன கீறல இழுத்துப் பாத்தேன். ஒரு பாட்டில்ல இருந்துச்சி."

"நூர் முகமதுன்னு எழுதிட்டு கீறல்ன்றீங்களே."

எனக்கு எழுதவே தெரியாது பாய் என்றேன். அவர் நம்பாமல் இன்னொரு தடவை போடச் சொன்னார். நான் முழங்கையில் ஆரம்பித்ததும் சிரித்தார். அது முடிகிற இடம், வலப்பக்கத்திலிருந்து வர வேண்டும் என்றார். பிறகு புள்ளியைக் காட்டி, அது மேலேதான் இருந்ததா, நிச்சயமா, அதை வைத்துத்தான் பேரே என்று கேட்டார். மேலேதான், ஆணியை நட்டுக் குத்தின மாதிரி ஒன்றே ஒன்று என்றேன்.

பாயின் ஸ்கூட்டரில் அப்போதே கிளியனூர் போனோம். பலகையில் பாட்டில், என் பாலிஷோடு கண்ணைக் கூசவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த வருஷமும் தண்ணீர் நிரப்பித்தான் வைத்திருந்தார். பாய் பேரைச் சொன்னார். மிலிட்டரி அதை மெதுவாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அர்த்தம் என்ன என்று கேட்டார். நூர் என்றால் வெளிச்சம் என்றார் பாய். மிலிட்டரி பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்குத்தான் பாலிஷு இப்டி பண்ணி வச்சிருக்கானா" என்றார். பாலிஷு என்று அவர் சொன்னதும் நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேரைத் திரும்ப வெட்ட வேண்டும் என்றார். பக்கத்துக் கடையில் பேர் வெட்டுகிறவர் இருக்கிறார், அழகாக வெட்டுவார் என்றேன். "அழிச்சவனே வெட்டட்டும்" என்றுவிட்டார். மறுநாள் அவர் அண்டா மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, வலப்பக்கத்திலிருந்து வெட்டினேன். புள்ளியைக் கடைசியாக ஒரே தட்டில் வைத்தேன்.

பாய் அதைப் படமெடுத்துத் தன் பழைய ரூம்காரர்களுக்கு அனுப்பினார். எந்த ஊர், யார் மகன் என்று கேட்டுப் பதில் வந்தது. பாட்டிலில் அது இல்லை. "விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு ஏழுமலைன்னு கூப்ட்டா எத்தினி பேரு திரும்புவான்? அதே கததான்" என்று மிலிட்டரி சிரித்தார். ஆனாலும் வாரா வாரம் பாய்க்குப் போன் போட்டுக் கேட்பார். கடைசிவரை கேட்டார். கடைசிவரை வரவில்லை.

அவர் போன அன்று கிளியனூரில் எல்லாம் முடிந்த பிறகு, மங்கை பாட்டிலை எடுத்துவந்து, சாவுக்கு வந்திருந்த டாக்டரிடம் நீட்டினாள். அப்பா சொல்லி வைத்திருந்தாராம்: "டாக்டர்கிட்ட இருக்கட்டும். குடுக்கல, வச்சிக்கினு இருக்கச் சொல்லு. அட்டையில என் பேரு வேணாம். அவன் ஆளுங்க யாராவது வந்தா எடுத்துக் குடுத்துடணும்." டாக்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இதை எழுதும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

இப்போது அது அலமாரியில் இருக்கிறது. மற்ற அட்டைகளில் கொடுத்தவர் பேர். இதில், நூர் முகமதுவின் தண்ணீர் பாட்டில் என்று மட்டும் டாக்டர் எழுதியிருக்கிறார். அதன் மேலே அவன் எழுத்திலும் இருக்கட்டும் என்று பேனாவை என்னிடம் கொடுத்தார். போட்டேன். ஆயுத பூஜைக்கு வந்து தண்ணீர் நிரப்பி வைப்பது என் பொறுப்பு.

இதன் கீழே என் கைநாட்டு இருக்கும். என் பேரை எழுத எனக்கு இன்னும் தெரியாது. எனக்கு எழுத வருவது ஒரே ஒரு பேர்தான், வலப்பக்கத்திலிருந்து, மேலே ஒரு புள்ளியோடு. அது என்னுடையது இல்லை. கோதண்டம் அண்ணனுக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.