தேவகுமாரியின் வாக்கி டாக்கி வைத்தியம்

தாண்டிக்குடி ஜீப் ஓட்டுநர்களில் பாதிப் பேருக்குத் தேவகுமாரி மெக்கானிக், மீதிப் பேருக்குத் தலைவலி. கடைவீதியில் செல்போன், ரேடியோ எல்லாம் பழுது பார்ப்பவள். நன்றாக ஓடுகிற கருவியையும் திறந்து பார்க்காவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும்.

எஸ்டேட்டுக்குப் போகும் பாதை ஒற்றை ஜீப் அகலம்தான். செல்போன் சிக்னல் கிடையாது என்பதால் ஓட்டுநர்கள் வாக்கி டாக்கி வைத்திருந்தார்கள். குறுகல் தொடங்கும் இடத்தில் "ஏறுறேன்" அல்லது "எறங்குறேன்" என்று ஒரு சொல். பதில் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். வராவிட்டால் பாதை காலி என்று பொருள். ஆனால் மதியத்துக்கு மேல் பேட்டரி செத்துவிடும். எதிரே வண்டி வந்தாலும் பதில் வராது. என்றைக்காவது ஓர் உயிர் போய்விடுமே என்று தேவகுமாரி பயந்தாள்.

குற்றவாளி, உள்ளே குரலைப் பலமாக்கி அனுப்பும் பெருக்கி. பேச்சு பலமோ மெல்லிசோ, பொத்தானை அழுத்தியதும் மின்சாரத்தை மொடாக்குடியாகக் குடித்துப் பாதியைச் சூடாக்கி வீணடித்தது. தேவகுமாரி அதற்குப் போகும் மின்சாரத்தை ஒரேயடியாகக் குறைத்தாள். பேட்டரி சாயங்காலம் வரை தாங்கியது. இரண்டு நாள் அவள் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே மூடுபனியில் குழந்தைவேலின் ஜீப்பும் சோலைமுத்துவின் ஜீப்பும் முட்டாத குறையாக நேருக்கு நேர் நின்றன.

"ஏலே, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? சொல்லிட்டு ஏற மாட்டியா?" என்று குழந்தைவேல் கத்தினார்.

"சொன்னேண்ணே," என்றான் சோலைமுத்து. பக்கத்தில் நின்றாலும் அவன் பேச்சு பாதிதான் கேட்கும். குழந்தைவேல் நம்பவில்லை. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

விஷயம் கேட்ட தேவகுமாரி இருவரின் வாக்கி டாக்கிகளையும் வாங்கினாள். சோதித்துப் பார்த்தாள். பட்டினி போட்ட பெருக்கி உரத்த குரலை மட்டும் அனுப்பி, மெல்லிய குரலை விழுங்கிவிட்டது.

"தப்பு என்னோடதுண்ணே, அவரு சொல்லித்தான் இருக்காரு," என்றாள் குழந்தைவேலிடம்.

"அவனுக்கு வக்காலத்து வாங்காத தாயி. சோலியப் பாரு."

பார்த்தாள். குரல் உயரும்போது பெருக்கிக்கு மின்னழுத்தம் கூடவும், தணியும்போது குறையவும் எல்லாப் பெட்டிகளிலும் ஒரு மின்சுற்றுப் போட்டாள். பசிக்குத் தக்க சோறு. மெல்லிய குரல் சாகாதபடி ஒரு கைப்பிடி எப்போதும் மிச்சம். நாலைந்து சில்லுகள் கருகின. திட்டிக்கொண்டே புதுசு வைத்து ஈயத்தால் பற்றவைத்தாள்.

ஒரு சாயங்காலம், பழையபடி என்றால் பேட்டரி எப்போதோ செத்திருக்கும் நேரம், குழந்தைவேலின் ஜீப்பில் அவளும் ஏறிக்கொண்டாள். பனி கண்ணாடியை மூடியது.

"இன்னைக்கும் கேக்கலைன்னா இந்தப் பெட்டியப் பள்ளத்துல கடாசிருவேன்," என்றவர், குறுகலில் பொத்தானை அழுத்தினார். "எறங்குறேன்."

தேவகுமாரி பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"நான் பாதி ஏறிட்டேண்ணே," என்றது பெட்டி, சோலைமுத்துவின் மெல்லிய குரலில். தயங்கித் தயங்கி வந்தாலும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவு.

குழந்தைவேல் பிரேக்கை மிதித்தார். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்கும் இப்படித்தான் சொல்லியிருக்கான்," என்றார்.

"ஆமாண்ணே."

ஜீப்பைப் பின்னால் எடுத்து ஓரங்கட்டிவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"கேக்குதுப்பா சோலைமுத்து. வெரசா வேணாம், நீ நிதானமா ஏறி வா. அண்ணன் நிக்கிறேன்."